மூலையில் நின்றவர்களின் எடை

கை கழுவாமல் நான் பென்சிலைத் தொடுவதில்லை. இந்த ஊரில் புழுதியும் வெற்றிலை எச்சிலும் படாத இடம் என் மேஜை ஒன்றுதான், ஐயா. கேட்டீர்கள், சொல்கிறேன்.

தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டை, அதாவது கேஜை, வடிவமைத்துப் படம் போடுகிறவன் நான். கூட வேலை பார்க்கும் நேசமணி, சேர்ந்த வருஷம் கற்ற ஒரே படத்தை இன்றுவரை திருப்பித் திருப்பி வரைகிறான். பார்க்கவே குமட்டும். நான் மதராசிலிருந்து புத்தகம் தருவித்துப் படித்தேன். என் படத்தில் பிழை கண்டால் கிழித்துப்போட்டு மறுபடி வரைந்தேன். தொழிலில் வளர வேறு வழி கிடையாது.

வடம் அறுந்தாலும் கேஜ் விழாமல், இருபுறத்து மரச்சட்டங்களைக் கவ்விக்கொள்ளும் இரும்புப் பற்களை வடிவமைத்தேன். கல்மூட்டைகளைப் பரப்பிவைத்துச் சோதித்தார்கள். கவ்வியது. துரை கைகுலுக்கினார்.

எனக்குத் திருப்தியில்லை. ஷிப்டுக்கு ஆட்கள் இறங்குவதைப் போய்ப் பார்த்தேன். வியர்வை நாற்றம், எண்ணெய்ப் பிசுக்கு. அதையாவது பொறுக்கலாம். சேரி ஆட்களை ஒரே மூலையில் நெருக்கிவிட்டு, மற்றவர்கள் மேலே படாமல் விசாலமாக நின்றார்கள். வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனாகிவிட்ட ஏனோக்குக்கும் அந்த மூலைதான். கீழே போய் எல்லாரும் ஒரே புழுதியைத் தின்னப்போகிறார்கள், அதற்குள் தீட்டு. அந்த மூலை எடைக்கு என் படத்தில் கணக்கே இல்லை.

மூட்டைகளை மூலையில் அடுக்கிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். சோதனைதான் முடிந்துவிட்டதே என்றார் துரை. அதோடு, மூட்டை பயப்படாது. பயந்த மனிதன் பக்கத்திலிருப்பவனைப் பிடிப்பான், எடை நகரும்.

ஆகவே, வடத்தையும் கேஜையும் சேர்க்கிற ஆணியைப் பாதிக்குமேல் அரத்தால் ராவிவைத்தேன். கேஜைப் பார்வையிடுவது என் வேலை, யாரும் ஏனென்று கேட்கவில்லை. மறுநாள் ஷிப்டு இறங்கும்போது ஆணி முறிந்தது. கேஜில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. மரச்சட்டங்களைப் பார்த்தேன். ஒரு பக்கப் பல் கவ்வியிருந்தது, மூலைப் பக்கத்துப் பல் வழுக்கியிருந்தது. அள்ளி மேலே கொண்டுவந்தபோது யார் எந்த மூலை என்று பிரிக்க முடியவில்லை.

ஏனோக்கின் மனைவி பாக்கியவதி என் மேஜைக்கே வந்துவிட்டாள். யார் எங்கே நின்றார்கள் என்று படத்தில் வட்டம் போட்டிருந்தேன்.

"இதுல என் வூட்டுக்காரரு எங்கய்யா நிக்கிறாரு?"

காட்டினேன். விரலை அதன்மேல் வைத்தபடி நின்றாள்.

"இத்த எப்போ போட்டீங்க?"

எனக்குப் பொய் வராது. விழுவதற்கு முந்தின நாள் என்றேன்.

"சீ, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று படத்தின்மேல் துப்பினாள். நல்ல காகிதம் பாழாயிற்று. அருவருப்பில் அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. உங்களிடம் வந்து சொன்னவளும் அவள்தானாம்.

கேஜை ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டுகிற மாணிக்கராஜை ஸ்டேஷனில் அடைத்துவைத்திருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள். விழவைத்தது நான்தான். பழி அவன்மேல் நின்றால் பற்களிலிருந்த பிழை யாருக்கும் தெரியாமல் போகும், பழைய படத்தையே நேசமணி வரைந்துகொண்டிருப்பான்.

அந்த மூலையில் நிற்பவர்களுக்காகத்தான் இத்தனையும் செய்தேன், ஐயா. அவர்களை மனிதர்களாக மதித்தவன் நான் ஒருவன்தான். புதுப் பற்களின் படமும் முடிந்துவிட்டது, சோதிப்பது ஒன்றுதான் பாக்கி. ஏனோக்கின் தம்பி அதே ஷிப்டில் சேர்ந்திருக்கிறானாம். அண்ணனைப் போலவே கனத்த உடம்பு.