ஐந்து நாற்பது பேருந்து

28 செப்டம்பர் 2025, ஞாயிறு

நேற்றைய பதிவில் ஒரு சிறு பிழை. பந்து பட்டது நாற்பத்திரண்டாம் நிமிடம் என்று எழுதியிருக்கிறேன். நாற்பத்தொன்று என்பதுதான் சரி. தர்மன் வாட்ஸ்அப் குழுவில் போட்ட காணொளியை இன்று காலை நான்கு முறை ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். பந்து மோனிஷாவின் தாடையில் படுகிற இடத்தில் அந்த ஆள் காணொளியை மெதுவாக ஓடவிட்டு, மேலே ஒரு அழுகிற பொம்மையையும் ஒட்டியிருக்கிறான். அருவருப்பாக இருந்தது. ஆனால் மெதுவாக ஓடியதால்தான் நிமிடத்தைச் சரியாகப் பார்க்க முடிந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஒரு பிழையைத் திருத்தும்போது அதோடு சேர்ந்த மற்றவற்றையும் ஒருமுறை சரிபார்ப்பது என் வழக்கம். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். இதை யாராவது படித்தால் குழப்பம் இருக்கக் கூடாது.

என் பெயர் நிரஞ்சனா. வயது இருபத்திரண்டு. செவிலிமேட்டில் வீடு. பகலில் ஒரு பட்டுக்கடையில் கணினியில் பதிவு வேலை. திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் புள்ளிவிவர வகுப்பு. மோனிஷா என் சித்தி மதனவதியின் மகள், பக்கத்து வீடு. பதினேழு வயது. நடுக்களத்தில் ஆடுகிற ஹாக்கி வீராங்கனை. இந்த ஊரில் ஹாக்கி பார்க்கிற நூறு பேருக்கும் அவளைத் தெரியும். அந்த நூறு பேரில் அறுபது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். அவள் தேறுவாளா, தேறமாட்டாளா என்பதுதான் அங்கே இரண்டு வருடமாகப் பேச்சு.

"கொயந்தப்பா அது. பதினேழு வயசுதான் ஆவுது. ரெண்டு வருஷம் வுடு, இந்தியாவுக்கு ஆடும்" என்பார் வேலாயுதம். ஆட்டோ ஓட்டுகிறவர். அவள் ஆடுகிற நாளில் சவாரி எடுக்கமாட்டார்.

"போன வருஷமும் இதையேதான் சொல்லிக்கினு இருந்த" என்பான் தர்மன். சரிகைக் கடையில் வேலை செய்கிறவன். "ஒரு நாளு கோர்வை போட்டுக் கரை சேத்த பொடவ மாதிரி கெட்டியா நிக்குது. ஒரு நாளு இழை அறுந்த மாதிரி ஆடுது. கன்சிஸ்டன்சி இல்ல நைனா. அதுக்கு மருந்து கிடையாது."

மைதானத்துப் படிகளில் உட்கார்ந்து அவர்கள் இப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பஜ்ஜி எண்ணெய் விரலால் கைப்பேசியைத் தேய்ப்பார்கள். மென்ற பாக்கைப் படிக்கட்டின் ஓரத்தில் துப்புவார்கள். ஒரு பெண்ணின் காலையும் இடுப்பையும் மூச்சையும் வாயில் போட்டு மென்றுவிட்டு, கடைசியில் ஒரு எண்கூடக் கையில் இல்லாமல் எழுந்து போவார்கள். எவனும் எதையும் எண்ணியதில்லை.

நான் எண்ணினேன். வகுப்பில் ஆளுக்கு ஒரு செயல்திட்டம் தரச் சொல்லியிருந்தார்கள். மோனிஷாவின் ஆட்டத்தை எடுத்துக்கொண்டேன். இரண்டாம் பாதியில் எத்தனை முறை பந்தை இழக்கிறாள் என்பதுதான் கணக்கு. வகுப்புக்காக வாங்கிய இரண்டாவது எண்ணில் 'நோட்டு' என்ற பெயரில் அந்தக் குழுவிலும் சேர்ந்து எண்களைப் போட்டேன். முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அது எனக்குப் பழக்கம்தான். எதையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் பேசுவேன். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இப்போது சாப்பாட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் சமணர்கள். மழைக்காலம் நான்கு மாதமும் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்று எங்களில் சிலர் விரதம் எடுப்பார்கள். மோனிஷா இந்த வருடம் எடுத்தாள், மாநில முகாமுக்குத் தேர்வாக வேண்டும் என்று. சூரியன் மறைந்துவிட்டால் பச்சைத் தண்ணீரும் கிடையாது. ஆட்டத்தின் இடைவேளையில் எல்லோரையும் போலப் பாட்டிலைத் தூக்குவாள், வாய் கொப்பளித்துத் துப்பிவிடுவாள். படிக்கட்டில் இருந்தவர்கள் அதை ஸ்டைல் என்றார்கள். பயிற்சியாளருக்கும் தெரியாது. கேலி செய்வார்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆட்டம் ஆறே முக்காலுக்கு, விளக்கொளியில். அவளோ பள்ளியில் பன்னிரண்டேகாலுக்குச் சாப்பிட்டுவிட்டு, நான்கு மணியிலிருந்து மைதானத்தில் இருப்பாள். அதனால் பொழுது சாய்வதற்குள் அவளுக்குச் சாப்பாடு போய்ச் சேர வேண்டும். சித்தி பாசிப்பருப்புக் கஞ்சியும் இரண்டு கேழ்வரகு அடையும் செய்து தூக்குப் பாத்திரத்தில் தருவாள். ஆட்ட நாட்களில் கடையில் சீக்கிரம் சொல்லிக்கொண்டு வந்து, அதை ஐந்து பத்து பேருந்தில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

"நீ இருக்கறதால எனக்குக் கவலையே இல்லம்மா" என்பாள் சித்தி.

ஆகஸ்ட் 12. ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்க வந்த வெளியூர்க் கார்கள் காந்தி ரோட்டை அடைத்துக்கொண்டன. பேருந்து நகரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது சூரியன் மறைந்திருந்தது. அன்று மோனிஷா இரண்டாம் பாதியில் பதினோரு முறை பந்தை இழந்தாள். அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களிலும் மூன்று, நான்கு, மூன்று. ஆகஸ்ட் 19 அன்று வகுப்புத் தாள்களை அச்செடுக்கப் போய் மறுபடியும் தாமதம். பத்து முறை இழந்தாள்.

அன்று மாலையே எனக்குப் புரிந்துவிட்டது. தர்மன் மருந்தில்லை என்று சொன்ன நோய்க்குப் பெயர் பசி. இதை யாரிடமாவது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் இரண்டு முறை நடந்தது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்குச் சந்தேகம் அதிகம். இரண்டு எண்களை நம்பி ஒரு பெண்ணின் விரதத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீடுகளில் விரதத்தைக் குறை சொல்லும் வழக்கம் கிடையாது. மோனிஷாவும் அந்தப் பக்கம் காரணம் தேடவே இல்லை. சாப்பாடு கிடைக்காத நாளில் அவள்தான் என்னைச் சமாதானப்படுத்துவாள்: "பரவால்லக்கா. பஸ்ஸு அப்படித்தான். விரதம் தாங்கும்."

வகுப்பில் காசிநாதன் சாரிடம் என் அட்டவணையைக் காட்டினேன். "நடந்ததைக் கூட்டிச் சொல்றது யாரு வேணும்னாலும் செய்யலாம்மா. நடக்கப்போறதைச் சொல்லு. அப்பதான் அது கணக்கு" என்றார்.

அவர் மேல் பழி போடவில்லை. அவர் சொன்னது சரி.

அடுத்த ஆட்டத்துக்கு முந்தின நாள் குழுவில் எழுதினேன்: "நாளை இரண்டாம் பாதியில் ஒன்பதுக்கு மேல் இழப்பாள்." ஆகஸ்டில் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. ஐந்து நாற்பது பேருந்தைப் பிடித்தாலும் ஆறு பத்துக்கு மைதானம் வந்துவிடும், அப்போது சூரியன் மறைய ஆறு இருபதுக்கு மேல் ஆகும். அதனால் ரங்கசாமி குளம் நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தேன். தூக்கு சூடாக இருந்தது. கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, ஒரு கடை வாசலில் தொங்கிய தினசரி நாள்காட்டியில் அஸ்தமன நேரத்தைப் பார்த்துவிட்டு, அது தாண்டும்வரை நின்றேன். அவள் பன்னிரண்டு முறை இழந்தாள்.

"யாருப்பா இந்த நோட்டு? மந்திரவாதியா?" என்று தர்மன் எழுதினான்.

"மந்திரவாதி இல்லடா, படிச்சவரு. சொல்லுங்க சார், கொயந்தைக்கு என்னதான் ஆச்சு?" என்று வேலாயுதம் கேட்டார்.

அறுபது பேரும் பேச்சை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார்கள். அதற்கு முன்பு என் வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை. வளர்ச்சி நேர்கோட்டில் போகாது, ஏற்ற இறக்கம் இருக்கும் என்று எழுதினேன். அது பொய்யில்லை.

நல்ல நாட்களையும் சொன்னேன். "சனிக்கிழமை நான்குக்குள் முடியும்" என்று எழுதிவிட்டு ஐந்து பத்து பேருந்தில் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கஞ்சியையும் குடிக்க வைத்தேன். அன்று அவள் ஆடியதைப் பார்க்க வேண்டும். மட்டையில் பந்து ஒட்டிக்கொண்டே வந்தது. படிக்கட்டில் வேலாயுதம் எழுந்து நின்று, "பாத்தியாடா தர்மா! நோட்டு சார் சொன்னாரா இல்லையா!" என்று என் தோளுக்கு மேல் கத்தினார். அவர் எச்சில் என் கழுத்தில் தெறித்தது. துடைத்துக்கொண்டேன். நேற்றைய ஆட்டத்துக்கு முன் ஆறு முறை சொன்னேன், மூன்று நல்லது, மூன்று கெட்டது. ஆறும் சரி.

செப்டம்பர் நடுவில் அந்தச் சிரமமும் போயிற்று. நாளுக்கு அரை நிமிடம், முக்கால் நிமிடமாக அஸ்தமனம் முன்னால் வந்துகொண்டிருந்தது. வழியில் நிற்க வேண்டியதில்லை. ஐந்து நாற்பது பேருந்தே போதும். நான் அதே நேரத்தில்தான் கிளம்பினேன். மாறியது சூரியன். அவள் சாப்பாட்டில் நான் எதையும் கலந்ததில்லை, யாரையும் தொட்டதுகூட இல்லை. இதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன்.

ஒரு நாள் மோனிஷா என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். யாரோ அந்தக் குழுவின் செய்திகளை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"அக்கா, நோட்டுன்னு ஒருத்தரு இருக்காரு. நான் எப்ப நல்லா ஆடுவேன், எப்ப சொதப்புவேன்னு முன்னாடியே சொல்லிடறாரு. அப்படியே ஆவுது. எனக்கே தெரியாதது அவருக்கு எப்படித் தெரியுது?"

"பார்த்துப் பார்த்துப் பழகியிருப்பாரு."

"அவரு எய்தினதைப் படிச்சாலே பயமா இருக்குதுக்கா. எனக்குள்ள ஏதோ ஒண்ணு சரியில்ல போல. தர்மண்ணன் சொல்ற மாதிரி."

அப்போது எனக்கு இரக்கம் வந்தது என்று அன்றைய பதிவில் எழுதியிருக்கிறேன். இன்று அதையும் சரிபார்த்தேன். இரக்கம் இல்லை. சந்தோஷம். திருத்திவிட்டேன்.

பயிற்சி போதாது என்று அவளிடம் சொன்னேன். மறுநாள் முதல் காலை ஐந்து மணிக்கு எழுந்து பாலாற்றுப் பக்கம் ஓடத் தொடங்கினாள்.

நேற்று, 27 சனிக்கிழமை. அந்த ஆட்டத்தில் ஒன்பதுக்கு மேல் இழப்பாள் என்று ஒரு வாரம் முன்பே எழுதிவிட்டேன். அதன் பிறகுதான் தெரிந்தது, மாநில முகாமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் அந்த ஆட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று. இந்த இடத்தில் நான் தயங்கினேன். எழுதியதை மாற்றிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகக் கணிப்பை மாற்றினால், படிக்கட்டில் துப்புகிறவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

தினசரி நாள்காட்டியில் சூரிய அஸ்தமனம் ஆறு ஒன்று. ஐந்து நாற்பது பேருந்தில் போனேன்.

மோனிஷா மைதானத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே போனதும், "முடிஞ்சிடுச்சாக்கா?" என்று கேட்டாள்.

"பத்து நிமிஷம் ஆச்சு."

தூக்கைத் தொட்டுப் பார்த்தாள். "சூடா இருக்குதே" என்றாள். பிறகு சிரித்துவிட்டு உள்ளே ஓடினாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கி, நாற்பதாம் நிமிடத்துக்குள் ஒன்பது முறை இழந்துவிட்டாள். நாற்பத்தோராம் நிமிடம் அவள் நின்றாள். ஓடிக்கொண்டிருந்தவள் விழவில்லை, சும்மா நின்றாள். மட்டை கீழே தொங்கியது. எதையோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தாள். எதிரணிப் பெண் ஓங்கி அடித்த பந்து எழும்பி வந்தது. வேறு எந்த நாளானாலும் அவள் ஒதுங்கியிருப்பாள். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. நான்கு பற்கள் போயின. அவள் வாயிலிருந்து கொட்டியது முதலில் தண்ணீர்போலத் தெரிந்தது, வழக்கம்போலத் துப்புகிறாள் என்று நினைத்தேன். வேலாயுதம் செருப்பை விட்டுவிட்டு வேலியைத் தாண்டி ஓடினார். தன் ஆட்டோவிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் அந்தப் பெரிய மனிதர் வாய்விட்டு அழுதாராம்.

அந்த இழப்பைச் சேர்க்க வேண்டுமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. பந்து அவளிடம் இருக்கவில்லை. ஆனால் அவளுக்கு வந்த பந்து. சேர்த்தேன். பத்து. கணிப்பு சரி.

ஆக, என்ன செய்தேன் என்று கேட்டால் இதுதான். அவளுக்கு என்ன கோளாறு என்று இந்த ஊரில் எனக்கு மட்டும் தெரியும். அதைத் தீர்ப்பது என் கையில், ஒரு தூக்கில் இருந்தது. தெரிந்தே தாமதமாகப் போனேன், நான்கு முறை. சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக.

குழுவில் இன்று காலையிலிருந்து புது விவாதம். "ஆறு மாசத்துல எழுந்து வந்துடும்பா" என்கிறார் வேலாயுதம். "அவ்ளோதான், கதை முடிஞ்சிது" என்கிறான் தர்மன். ஒரு பெண்ணின் உடைந்த தாடையை இந்தப் பேச்சுப் பேசுகிறவர்களுக்கு வெட்கம் இல்லை. மதியம் இருவருமே கேட்டார்கள்: "நோட்டு சார், நீங்க சொல்லுங்க."

ஒரு வருடம் ஆகும் என்று எழுதினேன்.

மைதானத்தைத் தாண்டியிருக்கிற மருத்துவமனையில் அவள் பற்களைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். குழாய் வைத்து உறிஞ்சும் ஆகாரம்தான். எவ்வளவு உள்ளே போகிறதோ அந்த அளவுக்குச் சீக்கிரம் தேறுவாள் என்றார் மருத்துவர். விரதத்தை விடமாட்டேன் என்று அவள் தாளில் எழுதிக் காட்டினாள். பகலில் செவிலியர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாலைக் கஞ்சியை என்னிடம் கொடுத்தனுப்புவதாகச் சித்தி சொல்லிவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்காங்க" என்றாள்.

நாளை திங்கள். வகுப்புக்கு விடுப்புச் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்குச் சித்தி வீட்டில் தூக்கை வாங்க வேண்டும். சூரிய அஸ்தமனம் ஆறு மணி. ஐந்து பத்தில் கூட்டமாக இருக்கும், கஞ்சி சிந்திவிடும். ஐந்து நாற்பதில் போக வேண்டும்.