பிரதீபா சொல்லாத மழை

நூலகத் தலைவர் சரஸ்வதியம்மாள் அவர்களே, மகளை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நல்லதம்பி ஐயா அவர்களே, கோவிந்தாபுரத்துப் பெரியோர்களே, வணக்கம். நான் மளிகைக்கடை ரியாஸின் மகள் சுஹைனா, பதினொன்றாம் வகுப்பு. இன்றைய கூட்டத்தைப் பதிவேட்டில் எழுதுவதும் நான்தான். எதையும் மறைக்காமல் எழுதுவேன். இங்கும் அப்படியே பேசுவேன்.

நாம் இன்று நினைவுகூரும் ஐயாவின் மகள், ரேடார் பொறியாளர் பிரதீபா அக்கா என்ன வேலை செய்தார்? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊருக்கு வந்தால், "ஏனுங்க அம்மிணி, அந்த மிசின்ல மீனு தெரியுதுங்களா?" என்று கேலி செய்வோம். "மீனு தெரியாதுங்க. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியும்" என்பார்.

கரையில் நிற்கும் கம்பங்கள் கடல்மேல் ரேடியோ அலைகளை அனுப்பும். அவை திரும்பி வருவதை வைத்து நீரோட்டத்தை அறிவார்கள். ஆனால் ஒரு நிலையத்துக்கு, நீர் தன்னை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பது மட்டுமே தெரியும். முழுத் திசையும் தெரிய இரண்டு நிலையங்கள் வேண்டும். ஒன்றில் அக்கா தனியாக இருந்தார். அறுபது கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றில் ஜோபி அண்ணன் தனியாக இருந்தார். இன்று கடைசி வரிசையில் இருக்கிறார். போன வருடம் இன்ஜின் நின்று ஒரு படகு காணாமல் போனபோது, ஓட்டம் அதை எங்கே இழுத்திருக்கும் என்று இருவரும் சேர்ந்துதான் சொன்னார்கள். நான்கு பேர் உயிரோடு கரை திரும்பினார்கள். அதை அக்கா என்னிடம் சொன்னார். தன் வீட்டுக்குச் சொல்லவில்லை. ஏன்?

காரணம் நான்.

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசியில், களத்தில் நெல் காய்ந்தது. "மழ வருமான்னு எம்புள்ளகிட்டக் கேட்டுட்டு வா சாமி" என்று ஐயா அனுப்பினார். கடையிலிருந்து கூப்பிட்டேன். அக்கா சிரித்தார். "நான் கடலத்தான் பாக்கறேன் கண்ணு. இன்னிக்கு அது அமைதியா இருக்குது. மழைக்கு வானிலைக்காரங்களக் கேக்கச் சொல்லு."

நிறையப் படித்தவள் என்ற நினைப்பு எனக்கு. கடல் அமைதி என்றால் மழை இல்லை என்று நானே முடிவுகட்டி, "மழை வராதுன்னு அக்கா சொன்னாங்க" என்றேன். மாலையில் கொட்டியது. நெல் முளைத்துப்போனது. "கடலப் பாத்துச் சம்பளம் வாங்கறவளுக்கு ஒரு மழ தெரியலயா?" என்ற ஐயா, பிறகு மகளோடு பேசவே இல்லை.

அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னேன். "இப்பச் சொன்னா அப்பா உன்னைய வைவாரு. பொங்கலுக்கு வந்து நானே பேசிக்கறேன்" என்றார். இரண்டு பொங்கலுக்கும் அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. போன மாதம் காய்ச்சலில் போய்விட்டார். நான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

ஐயா, மழை வராது என்று அக்கா சொல்லவே இல்லை.

அவர் பணியைத் தொடர்வேன் என்று சொல்லும் தகுதி இன்னும் எனக்கில்லை. அளந்ததை மட்டும் சொன்னார் அவர். அந்தப் பழக்கத்தை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

பதிவேட்டுக்காக எழுதியது: உரைக்குப் பின் நல்லதம்பி ஐயா என்னைப் பார்க்கவில்லை. எழுந்து கடைசி வரிசைக்குப் போனார்.

"அவ உக்காந்திருந்த எடத்த நான் பாக்கோணுங்க."

"காலைல கூட்டிட்டுப் போறேன் அச்சா" என்றார் ஜோபி அண்ணன், அப்பாவை அழைக்கும் தன் மலையாளத்தில். "அவங்க எடத்துக்கு இன்னும் யாரையும் போடலை. அவங்க உக்காந்த கசேர அப்படியேதான் இருக்கு."

ஐயா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லோரும் போன பிறகும் இருவரும் எழவில்லை. ஏழு மணிக்கு விளக்குகள் அணைக்கப்பட்டன.