பெட்டி தனி, போர்டு தனி

ஹலோ... யாரு?... அண்ணனா? என் நம்பர இன்னும் அழிக்கலயா நீ...

ம்... ம்... வந்துருச்சா ஜப்பான் கேம் மிஷினு?... தெரியும், தெரியும். கேம் கடை வாசல்ல அவ்ளோ பெரிய பேனர் கட்டியிருக்கியே. நாளைக்கு அதுக்குத் திறப்பு விழா.

என்னது, ஓடலயா?... வெளிச்சம் வருது, படம் வரல... சரி, பின்பக்கக் கதவத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாரு. பச்சையா ஒரு சர்க்யூட் போர்டு இருக்கணும், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, கேமே அதுக்குள்ளதான்... இல்லயா?... ஒயரு மட்டும் தொங்குதா... ம்.

இல்லண்ணா, யாரும் திருடல. கப்பல்காரன ஏன் திட்டுற? அந்த ஆன்லைன் ஏலத்துலயே ரெண்டாப் பிரிச்சுத்தான் போட்டிருந்தாங்க. பெட்டி தனி, போர்டு தனி. ஜப்பான் மொழியில இருந்தா என்ன, மொழிபெயர்க்குற பட்டன் பக்கத்துலயேதான இருந்துச்சு... நீ படத்தப் பாத்து மயங்கி வெலைய ஏத்திக்கிட்டே போயிருக்க.

எனக்கு எப்படித் தெரியுமா?... அந்த ஏலத்துல போர்ட எடுத்தது நான்தான்.



ஆமா. தெரிஞ்சேதான். நம்ம கடைப் பேருலயே ஏலம் கேட்டா எனக்குத் தெரியாமப் போகுமா?... கத்தாத. கத்துனா வச்சிருவேன்.

வேணாம். எவ்ளோ குடுத்தாலும் வேணாம்... கூடப் பொறந்தவளா? நான் வயித்துல தையலோட ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கடைப் பூட்ட மாத்துனியே, அப்ப யாரு நான்?... வந்தவங்ககிட்ட எல்லாம் என்ன சொன்ன? அவ சும்மா ஒத்தாசைக்கு வந்தவ... சொன்னியா இல்லயா?... அங்க இருந்த ஒவ்வொரு மிஷினையும் சால்டரிங்ல கையச் சுட்டுக்கிட்டு ஓட வச்சவ நான். நீ கல்லாவுல உக்காந்து சில்லறை மாத்துன.

...யாரு, அண்ணியா? நல்லாருக்கீங்களா அண்ணி?... ஆறிடுச்சு, இப்ப வலி இல்ல... நீங்க மட்டுந்தான் வந்து பாத்தீங்க, மறப்பேனா... அழாதீங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல... ம்ஹும், போர்ட மட்டும் கேக்காதீங்க அண்ணி. போன அவன்கிட்டக் குடுங்க.

சரி, கேளு. நாளைக்கு போர்டோட வர்றேன்... பொறு, பொறு, அதுக்குள்ள குளுந்துறாத. கூட்டம் சேந்தப்புறம் நீ மைக்கப் புடிச்சு, இந்தக் கடைய நடத்துனவ என் தங்கச்சி, அவள வெளிய தள்ளிப் பூட்டுனது நான்னு சொல்லணும். அவ்ளோதான். பங்கு வேணாம், சாவி வேணாம்.

முடியாதா?... உன் மாமனார் வர்றாரா? வரட்டும், அவரும் கேக்கட்டும்... அசிங்கமா? ஆமா, அசிங்கந்தான்.

சரி, வச்சிராத. ஒரு நிமிஷம்... கேக்குதா? அந்த கேம் மியூசிக்குதான். உன் மிஷினோட போர்டு இங்க என் மேச மேல, பழைய டிவியில மாட்டுனதும் பாடுது. நான் பேனர்லாம் கட்டல.

...என்ன? மெதுவாச் சொல்ற, காதுல விழல... ம்... தப்புதான்னு சொல்றியா...

என்கிட்ட ரகசியமாச் சொல்லாதண்ணா. நாலு பேரு பாக்கத்தான வெளிய தள்ளுன. நாலு பேரு கேக்கச் சொல்லு.

...அழுவுறியா?... அழு. நானும் அழுதேன், யாரும் போன் பண்ணல.

வச்சுர்றேன்.