சிப்பியில் ஒட்டிய சிவப்புப் பாசி

"கட்டுரையில் என் பெயரும் வர வேண்டும்" என்று பேராசிரியர் சம்பத்குமார் சாரிடம் கேட்டேன். பெரிய இடத்தில் எதையும் வாய் திறந்து கேட்காதே என்று நைனா புத்தூரில் பஸ் ஏற்றும்போதே சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் குடும்பத்தில் பி.எஸ்ஸி. முடித்த முதல் ஆள் நான். திருப்பதியில் ஒரு கல்லூரியில், தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை.

கட்டுரை சொல்கிற அந்தப் பாசியைப் பழவேற்காட்டில் ஒரு சிப்பியின் முதுகில் கண்டெடுத்தவள் நான்தான். விரல்கணு உயரம், மயிரிழை போல் கிளைத்த சிவப்பு. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் அணுவுக்கு நீந்த வால் கிடையாது; தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் உண்டு. அதற்காக, அதை வளர்த்த ஜாடியைத் தினம் மூன்று வேளை மெல்ல அசைத்துக் கொடுத்தேன், இரண்டு வருஷம்.

சார் சிரித்தார். "பி.எஸ்ஸி. ஆச்சோல்லியோ, உங்காத்துக்கு அதுவே ஜாஸ்தி. பேரெல்லாம் கேக்கப்படாது."

ஒரு நாள் காலை, ஜாடியில் இருந்த கடல் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். நல்ல தண்ணீர் பட்டால் அதன் அணுக்கள் வெடித்துவிடும். காதை வைத்தால் கேட்கும், தூரத்தில் கடுகு பொரிவது போல. தண்ணீர் ரோஜா நிறமானது. பாசி வெளுத்துக் கிடந்தது. இன்றைக்கும் தாளிக்கிற இடத்தில் என்னால் நிற்க முடிவதில்லை.

மாதம் ஒருமுறை பழவேற்காடு போய்த் தகரத்தில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஜாடியில் மாற்றுகிறவர் அட்டெண்டர் முனிசாமி. முன்பு ஒருதரம் தகரத்தைக் கிணற்றடியில் அலசித் திட்டு வாங்கியவர். விசாரணைக்கு அது போதும்.

"தகரத்த காயவெச்சித்தான் மொண்டாந்தேன் சார். டீச்சரம்மா பாத்துக்கினுதான இருந்தாங்க, கேளுங்க. வூட்ல ஆறு பேரு துன்னணும் சார்."

"உன் ஊருதான் மதராஸுக்குப் போயிட்டுதே. அங்க போயி மொள்ளு" என்றார் பிரின்ஸிபால். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஏப்ரலில்தான் அவருடைய பள்ளிப்பட்டுப் பக்கம் ஆந்திராவிலிருந்து பிரிந்து மதராஸோடு சேர்ந்திருந்தது. இங்கே கரும்புள்ளி வைத்து அனுப்பிய ஆளை அங்கே யார் சேர்ப்பார்கள்?

தற்செயல் என்று நினைத்துவிடாதீர்கள். சார் சிரித்த அன்று, முனிசாமி தண்ணீர் கொண்டுவர இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் ஜாடியை மூன்று வேளை அசைத்துக்கொண்டு காத்திருந்தேன். பழி சார் மேல் விழாது. என் மேல் விழும். அதனால் இன்னொருவர் தேவைப்பட்டார். முனிசாமி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என்னை முதன்முதலாக டீச்சரம்மா என்று கூப்பிட்டவர் அவர்தான்.

பிரின்ஸிபால் ஒரு தாளை நகர்த்தினார். முனிசாமி தகரத்தைக் கிணற்றடியில் அலசியதை நான் கண்ணால் பார்த்ததாக அதில் எழுதியிருந்தது.

"சந்தகம் பெட்டம்மா."

கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

முனிசாமி பழக்கதோஷத்தில் எனக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நான் வெளியே நடந்தேன்.