மெம்பர் வீட்டுக் கதவு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் பள்ளியில் வரலாறு எடுப்பவர், மற்றவர் ஊராட்சி வார்டு உறுப்பினர்.

"அடுத்த வாட்டி நான் நிக்க மாட்டேன் டீச்சர். வீடா அது? சத்திரம். எந்நேரமும் ஆளு வந்துக்கினே இருக்குது. ஒரே பேஜாரு."

"ரோம்ல உங்கள மாதிரி ஒரு மெம்பரு, ராவும் பகலும் வீட்டுக் கதவைச் சாத்தவே கூடாதுங்க."

"எந்த ரூம்ல டீச்சர்?"

"ரூம் இல்லீங்க மெம்பர், ரோம். அந்தக் காலத்துல அங்க பெரிய குடும்பத்துக்காரங்க வச்சதுதான் சட்டம். ஏழை சனமெல்லாம் ஊரையே விட்டுட்டுப் போயி ஒரு குன்னு மேல உக்காந்துட்டாங்க. எங்களுக்குன்னு கேக்க ஒரு ஆளு வேணும்னாங்க. கெடைச்சுது. அந்த ஆளு வீட்டுக் கதவைத்தான் சொல்றேன்."

கூட்டேரிப்பட்டு வந்தது. மெம்பர் ஜன்னல் வழியே மயிலம் மலைப் பக்கம் பார்த்தார்.

"ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருமா போனாங்க? அந்த ஏழை சனம் பலே ஆளுங்கதான் டீச்சர்."

அவருடைய செல்போன் அடித்தது. வீட்டுக்காரரின் குரல் எனக்கே கேட்டது.

"தண்ணி வரலன்னு நாலு பேரு வந்து நிக்கிறாங்க. கதவைச் சாத்திடட்டுமா?"

"சாத்தாதீங்க. நாற்காலி எடுத்துப் போடுங்க."