கதவை அடைக்காத தோன்யா எல்வியா

மேடையிலே வீற்றிருக்கும் சபை மூப்பர்களே, ஊர்த் தலைவர் அவர்களே, மனைவி தோன்யா எல்வியாவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தொன் ரிகோபெர்த்தோ அவர்களே, காபி பறிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் ஊர்ப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் மார்த்தா. மினசோட்டாவிலிருந்து குவாத்தமாலாவுக்கு, இந்த ஊருக்கு, மிஷன் குழுவோடு கண் மருத்துவராக வந்தவள். பல முறை வந்து போய், கடைசியில் இங்கேயே தங்கிவிட்டவள். அழுது பேச நான் வரவில்லை. நீங்கள் எல்லாரும் மரியாதையோடு 'தோன்யா' என்று அழைத்த எல்வியா காவால் அவர்களுக்கு அழுகை பிடிக்காது. நடந்ததைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதல் முறை நாங்கள் வந்தபோது எங்களுக்கு யார் இடம் கொடுத்தார்கள்? தோன்யா எல்வியா கொடுத்தார்! முன்னறையை மருத்துவ முகாமுக்கு ஒழித்துக் கொடுத்தார். படுக்கையறையை எங்களுக்கு விட்டுவிட்டு, கணவரோடு அடுப்படியில் படுத்துக்கொண்டார். கேட்டதற்கு, எனக்குப் புரியும் ஸ்பானிஷ் மொழியில், "அடுப்புப் பக்கம் கதகதப்பா இருக்கும்மா, டாக்டர். நீங்க போய்த் தூங்குங்க" என்றார்.

அந்த வாரம்தான் வதந்தி கிளம்பியது. வெள்ளைக்காரர்கள் பிள்ளைகளின் கண்களைப் பிடுங்கி விற்கிறார்களாம்! சந்தை நாளன்று, நண்பகலில், பெருங்கூட்டம் வாசலில் திரண்டது. முதல் கல் ஜன்னலை உடைத்தது. உள்ளே நாங்கள் ஆறு பேர். எங்களில் யாருக்கும் உங்கள் கெக்சி மொழி தெரியாது.

பெருமக்களே, அந்த நேரத்தில் ஒரு பெண் என்ன செய்வாள்? கதவைத் தாழிடுவாள். பின்வாசல் வழியாக விருந்தாளிகளை அனுப்பிவிடுவாள். யாரால் அவளைக் குறை சொல்ல முடியும்? தோன்யா எல்வியா கதவை அகலத் திறந்தார்! கையில் சோள மாவு ஒட்டியிருக்க, வாசற்படியில் நின்றார். கையில் கல்லோடு முன்னால் நின்ற சாந்தோஸிடம் அவர் பேசியதைத் தொன் ரிகோபெர்த்தோ பிறகு எனக்கு வரி வரியாகச் சொன்னார்.

"என்ன சாந்தோஸ், கல்லெறியெல்லாம் பலமா இருக்கே! போன மாசம் என் வேலிய கட்டிக் குடுன்னு கெஞ்சினப்ப உன் கையில தெம்பே இல்லயே?"

"தள்ளு எல்வியா! அவங்க கண்ணப் புடுங்குறவங்க!"

"அப்படியா? என் பாத்திரத்துல சாப்பிடுறவங்க அவங்க. சரி, முதல்ல என் கண்ணப் புடுங்கட்டும். எல்லாரும் நின்னு பாருங்க. புடுங்கிட்டாங்கன்னா அப்புறம் கல்ல எடுங்க. இப்ப கீழ போடு!"

நாற்காலியை இழுத்து வாசலிலே போட்டு உட்கார்ந்தார். என்னைச் சைகையால் அழைத்தார். கூட்டத்தின் நடுவே அவர் கண்களைச் சோதித்தேன். கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டேன். அவர் மெல்லத் தலையைத் திருப்பி சாந்தோஸைப் பார்த்தார்.

"அடக் கடவுளே! இத்தனை நாள் மங்கலா இருந்தியே, அதுவே நல்லா இருந்துச்சுடா!"

முதலில் சிரித்தது ஒரு கிழவர். பிறகு சந்தையே சிரித்தது. அன்று மாலைக்குள் வரிசை தெருமுனையைத் தொட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். முடியவில்லை. நாங்கள் விமானம் ஏறிப் போய்விட்டோம். அவர் இங்கேயே இருந்தார். சந்தேகம் தீராதவர்கள் அந்த அறுவடை முழுவதும் சந்தையில் அவர் போடும் உணவுக் கடையில் எதுவும் வாங்காமல் தாண்டிப் போனார்கள். சோள மாவை வாழையிலையில் கட்டி அவித்த தமால்கள் விற்காமல் வீடு திரும்பின. மறு ஆண்டு நாங்கள் வந்து நின்றபோது, அதைப் பற்றி ஒரு சொல் சொன்னாரா? இல்லை! "மெலிஞ்சுட்டீங்களே, உங்க ஊர்ல சோறு போடமாட்டாங்களா?" என்று கேட்டுத் தட்டை நிரப்பினார். விவரத்தைச் சில ஆண்டுகளுக்குப் பிறகு தொன் ரிகோபெர்த்தோதான் சொன்னார்.

சேவை செய்யப் போனோம் என்று எங்கள் ஊர்ச் சபைகளில் பேசுகிறார்கள். யார், யாருக்குச் செய்த சேவை? எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருந்தது. அவருக்கு இருந்தது இந்தத் தெரு ஒன்றுதான். அதைத்தான் எங்களுக்காகப் பணயம் வைத்தார். நன்றி என்ற சொல் இதற்குப் போதாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். நன்றி, தோன்யா எல்வியா!

திங்கட்கிழமை புதிய குழு வருகிறது. அவர்கள் எங்கே தங்குவார்கள் என்று மூப்பர்கள் நேற்றுக் கேட்டார்கள். என் வீட்டில் தங்குவார்கள். என் படுக்கை அவர்களுக்கு. இது இந்தச் சபையின் முன்னே நான் எடுக்கும் உறுதி.

ஒரே ஒரு குறை. எனக்குத் தமால் கட்டத் தெரியாது. இலை பிரிந்து மாவெல்லாம் வெந்நீரில் கரைந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், தெரிந்த பெண்கள் யாராவது என் அடுப்படிக்கு வாருங்கள். கதவு திறந்திருக்கும்.