குரல் மாறும் கோடு

— அந்தப் பத்தியத் திரும்பப் படி, சரோஜா.

— மூணு தபா படிச்சாச்சு சார். இன்னொரு தபா படிச்சா அந்தப் பொண்ணு வேற மாதிரி எழுதிடப் போவுதா இன்னா?

— எனக்குக் கண்ணு இருந்தா உங்கிட்ட ஏன் கெஞ்சுறேன்? படி.

— சரி, சரி. நூத்திப் பன்னண்டாம் பக்கம். “பழைய கிரேக்கப் பிரதிகளில் பேசுகிறவர் பெயர் இருக்காது. குரல் மாறும் இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருக்கும். ‘தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை’ என்ற வரிக்கு முன்னால் அப்படி ஒரு கோடு இருக்கிறது. ஆகவே அது அந்த உரையாடலில் வரும் ஆசான் சொன்னதல்ல. அவர் எதிரே உட்கார்ந்திருந்த செருப்புத் தைப்பவர் சொன்னது. பேராசிரியர் வால்டரின் நூல் இங்கே தவறுகிறது.”

— போதும். நிறுத்து.

— இன்னும் எம்பது பக்கம் கீது சார்.

— வேணாம். என் நாப்பது வருஷத்த ஒரு கோட்டால அறுத்துட்டா அந்த ஆராய்ச்சிக்காரி சாய்மா. மிச்சத்த எதுக்குக் கேக்கணும்? யுனிவர்சிட்டி ஃபாரத்த எடு. அவளுக்குப் பட்டம் குடுக்கலாமா வேணாமான்னு நாலு மணிக்குள்ள என் முடிவு போகணும்.

— செருப்பு தைக்கிறவரு சொன்னா இன்னா சார் கொறஞ்சி பூடும்?

— உனக்குப் புரியாது. அந்த வரி ஆசான் சொன்னதுன்னுதான் என் புத்தகமே நிக்குது. அதை வெச்சுத்தான் உத்தியோகம், பேரு, அடுத்த மாசம் நடக்கப்போற பாராட்டு விழா, எல்லாம்.

— புரியாம இன்னா? உன் காலேஜுல வராண்டா கூட்டுனவ நானு. கதவாண்ட வந்தா அந்த ஒரு வரியத்தான் கத்திக்கினு இருப்பே. உள்ள பாதி பெஞ்சு தூங்கும்.

— கிண்டலா? சமையலுக்கு வந்தவளப் படிச்சுக் காட்டச் சொன்னேன் பாரு, என்னச் சொல்லணும்.

— அந்தப் பொண்ணு கதி இன்னா சார்? பட்டம் வந்தாத்தான் வேல. அடுத்த வாரம் இன்டர்வியூவாம்.

— வேற யார்கிட்டயாவது அனுப்பட்டும்.

— கிரேக்கம் தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்னு நீதான பீத்திக்கினே?

— எழுதுறியா, இல்லையா?

— எழுதறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. அந்தக் கோட்ட நீ பாத்தியா, பாக்கலியா?

— எந்தக் கோடு?

— மழுப்பாத சார். வெள்ளம் வந்தப்ப நனைஞ்ச உன் நோட்டயெல்லாம் மாடில பக்கம் பக்கமா காய வெச்சவ நானு. அப்பத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கினு இருந்தேன். தமிழ்ல எது கெடச்சாலும் படிப்பேன். ஒரு பக்கத்துல இதே வரி. முன்னால ஒரு கோடு, பக்கத்துல கேள்விக்குறி. ரெண்டையும் ரப்பர் போட்டுத் தேய்ச்சிக்கீற. தேய்ச்ச தேய்ப்புல தாளே ஓட்டையாவப் பாத்துது.

— …தூசின்னு நெனச்சேன்.

— தூசிய எவனாவது நோட்டுல எழுதிட்டு அழிப்பானா?

— பதினோரு வாரம், சரோஜா. இங்கேர்ந்து அவ்வளவு தூரம் போயி அந்தக் கிரேக்கப் பிரதி இருக்கற லைப்ரரில உக்காந்தேன். கோட்டப் பாத்தது கடைசி நாள். அது கோடுதான்னு ஒத்துக்கிட்டா வெறுங்கையோட திரும்பணும். இங்க சாந்தோம்ல சர்ச்சுப் பங்கு ஜனம் மொத்தமும் மாலையோட நிக்குது.

— அப்ப அந்தப் பொண்ணு எழுதுனது நெசம்.

— எழுதுன்னா எழுது! “இந்த ஆய்வேடு ஆதாரமற்றது. பட்டத்துக்குப் பரிந்துரைக்கவில்லை.” ஆச்சா?

— ம்.

— பேனா சத்தமே கேக்கலையே.

— உன் ஃபேன் லொடலொடன்னு அடிச்சிக்கறதுல எங்க கேக்கும்?

— படிச்சுக் காட்டு.

— “இந்த ஆய்வேடு ஆதாரமற்றது. பட்டத்துக்குப் பரிந்துரைக்கவில்லை.”

— கையப் புடிச்சு, கையெழுத்துப் போடற எடத்தக் காட்டு. இங்கயா? …ஆச்சு. ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடைல குடுத்து ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லு.

— போறேன். கடசிப் பக்கத்த மட்டும் படிச்சிட்டுப் போறேன்.

— வேணாம்னேன்ல?

— வேணாம்னா காதப் பொத்திக்கோ. “இந்தக் கோட்டை முதலில் கண்டவள் நான் அல்ல. முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே பேராசிரியர் வால்டர் அதைக் கண்டு, தம் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறார். அவர் கை போட்ட கோட்டின் மேல்தான் இந்த ஆய்வு நிற்கிறது. இது அவருக்கே காணிக்கை.”

— …அழிச்சத எழுதலையா?

— எழுதல சார்.

— என் நோட்டு அவ கைக்கு எப்படிப் போச்சு?

— நாந்தான் குடுத்தேன். மூணு தபா வந்து வாசல்ல நின்னுச்சு. நீ உள்ள விடல. வேலைய விட்டு நிறுத்தறதுன்னா நிறுத்திக்கோ.

— சரோஜா, அந்தத் தாளக் கிழி. கிழிச்சுப் போடு, சீக்கிரம்!

— எதுக்குக் கிழிக்கணும்? உன் கையெழுத்துக்கு மேல நான் இன்னும் ஒரு எழுத்தும் எழுதல சார். இப்ப சொல்லு, எழுதிக்கிறேன்.